தேய்ந்த கத்தி: வடசென்னையில் நான்கு நாட்கள்

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இடது கை ஆள்காட்டி விரலில் இருந்த கட்டை நேற்றுதான் அவிழ்த்தேன். அது எப்படி வந்தது என்பது மூன்றாம் நாளில் வரும். அங்கே ராத்திரிகளில் கைப்பேசியில் குறித்து வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன்.

நான் கத்தி சேர்ப்பவள். சொந்த ஊர் திருப்பாச்சேத்திக்குப் பக்கம். அரிவாள் அடிக்கிற சத்தத்தில் வளர்ந்தவள். இப்போது கோவையில் வேலை. மாதம் ஒரு முறையாவது ஆறேழு பேர் சேர்ந்து மலையேறப் போவோம். ஒரு ராத்திரி வழி தவறி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, ஈர விறகில் எப்படித் தீ மூட்டுவது, எந்தக் கயிற்றுக்கு எந்த முடிச்சு, இதுதான் எங்கள் பேச்சு. வீட்டில் முப்பத்தொரு கத்திகள் இருக்கின்றன. சுவீடனின் மோரா, பிரான்சின் ஓபினெல், சுவிஸ் விக்டோரினாக்ஸ், குடகுப் பிச்சங்கத்தி, நேபாளத்துக் குக்ரி என்று ஒவ்வொன்றும் தேடி வாங்கியது. வடசென்னையிலிருந்து மட்டும் ஒன்றுகூட இல்லை. சினிமாவில் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே கையில் கத்தியோடுதான் காட்டுகிறார்கள். உண்மையில் அங்கே என்ன கத்தி புழங்குகிறது, எந்த இரும்பில் அடிக்கிறார்கள், யார் தீட்டுகிறார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தண்டையார்பேட்டையில் என் சித்தி இருக்கிறாள். "ஆடியில வா, கூழ் ஊத்துறோம்" என்று கூப்பிட்டாள். கிளம்பிவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கியதுமே ஒரு சிக்கல். சுரங்க ரயிலுக்கு இறங்குகிற இடத்தில் பையை இயந்திரத்துக்குள் விட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இன்னாமா, கத்தி வச்சிக்கினு வர்ற?"

குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். மோராவை உறையோடு எடுத்துக் காட்டினேன். மலையேறப் போகிறவள், பைக்குள் எப்போதும் கிடக்கும் என்றேன். "இங்க ஏதும்மா மலை?" என்று கேட்டுவிட்டு, கத்தியோடு உள்ளே விட முடியாது, மேலே போய் ஆட்டோ பிடித்துக்கொள் என்று பக்குவமாகச் சொன்னார். தவறு என்னுடையது. வீட்டிலேயே பையைக் காலி செய்து பார்த்திருக்க வேண்டும்.

என்னைப் போலக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி, கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலுக்குள் வந்துவிடும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. என் மோரா நாலு அங்குலம்தான். ஆனால் சட்டத்தில் இடம் இருப்பது வேறு, ரயில் நிலைய வாசலில் விடுவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு அங்கே வாதாடக் கூடாது.

ஆட்டோவுக்கு 250 கேட்டார், 220-க்கு ஒத்துக்கொண்டார். வால்டாக்ஸ் சாலை, மின்ட் என்று போகும்போது, ஏன் சுரங்க ரயிலில் போகவில்லை என்று ஓட்டுநர் கேட்டார். கதையைச் சொன்னேன். சிக்னலில் வண்டி நின்றதும் தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துக் காட்டினார். பட்டறைகளில் இரும்பு அறுக்கிற பெரிய ஹாக்சா பிளேடில் ஒரு துண்டு. ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கம் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஒயர் சீவ, ரப்பர் ஹோஸ் வெட்ட, கொய்யாப்பழம் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பிளேடு உடைந்தால் பட்டறைக்காரர் சும்மா கொடுத்துவிடுவாராம். அந்த உருக்கு கூர்மையை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும், கீழே போட்டால் மட்டும் கண்ணாடி மாதிரி ஒடியும். வடசென்னைக் கத்தியை இறங்கிய அரை மணி நேரத்திலேயே பார்த்துவிட்டேன்.

மத்தியானம் சித்தி நெத்திலிக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்திருந்தாள். வெயில் அப்படி ஒரு வெயில். காற்றே இல்லை. நாலு மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பியதும்தான் உயிர் வந்தது.

சாயங்காலம் சித்தப்பா பர்மா பஜாருக்குக் கூட்டிப் போனார். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைக்க 1969-இல் அமைந்த கடைவரிசை அது. இப்போது பெரும்பாலும் கைப்பேசிச் சாமான்கள்தான். இரண்டு கடைகளில் மடக்குக் கத்தி தொங்கியது. சிவப்புப் பிடி, சிலுவைச் சின்னம், 350 ரூபாய். நகத்தால் அலகைத் திறந்தேன். நல்ல மடக்குக் கத்தியில் பாதி தூரம் போனதும் வில் பிடித்து இழுத்து 'டக்' என்று உட்காரும். இதில் தொளதொளவென்று போய் நின்றது. அலகின் அடியில் பெயர் பொறித்திருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. கடைக்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்குத் தெரியும்போல, வாங்காதீங்க" என்றான். நல்ல பிள்ளை.

எதிர்ப்பக்கம் இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ சாப்பிட்டோம். ஆரஞ்சு நிற நூடுல்சில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பேஜோ என்கிற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டு, புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் விட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். முட்டையை நூலால் பிளந்து உள்ளே வெங்காயம் வைப்பதை நின்று பார்த்தேன். நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை கையில். மஞ்சள் கரு பிசிறு இல்லாமல் இரண்டாகியது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது என்று சித்தப்பா விசாரித்து வைத்திருந்தார். ஒன்பது மணிக்குப் போனால் பூட்டு. பக்கத்து டீக்கடையில், "ஆடி வெள்ளி, காளிகாம்பாளைப் பாக்காம அவரு நெருப்பு மூட்ட மாட்டாரு" என்றார்கள். தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் காளிகாம்பாள், கொல்லர், தச்சர், தட்டார் என்று கைத்தொழில் செய்யும் விஸ்வகர்மாக்களின் கோயில். 1677-இல் மராத்திய மன்னர் சிவாஜி வந்து கும்பிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அங்கே இன்று கூட்டம் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டியதே இல்லை. கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே மூன்று டீ குடித்தேன், ஒவ்வொன்றும் 12 ரூபாய். பதினொன்றரைக்கு நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஆசாரி வந்தார். அறுபது வயது இருக்கும், ஒல்லியான ஆள். "காக்க வச்சிட்டேனா, மன்னிச்சிக்கமா" என்றார். அதற்குள் அவர் மருமகள் உலையில் கரி தட்டத் தொடங்கியிருந்தாள்.

வாசலில் கமான்பட்டைகள் அடுக்கிக் கிடந்தன. லாரிக்கு அடியில் பளுவைத் தாங்கும் அந்த வளைந்த பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்வரை இருக்கும், சிலிக்கான் வேறு சேர்த்திருப்பார்கள். வளைந்து நிமிர்ந்து பழகிய இரும்பு. சட்டென்று ஒடியாது. எங்கள் ஊர் அரிவாளும் இதில்தான். வாங்கிய பட்டை எந்த வண்டியுடையது என்று பார்ப்பீர்களா என்று கேட்டேன். வண்டி முக்கியமில்லையாம், நெளிந்து விரிசல் கண்ட பட்டையை மட்டும் தொட மாட்டாராம். "கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு கத்தில வந்து நிக்கும். தட்டிப் பாத்தா சத்தம் சொல்லிடும்." ஒரு பட்டையைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். மணி மாதிரி இழுத்தது. இன்னொன்றைத் தட்டினார். 'தொப்' என்று அடங்கியது. அதை ஓரம் தள்ளினார்.

என்ன வேண்டும் என்றார். ஆறு அங்குல அலகு, கூருக்கு எதிர்ப்பக்கமான முதுகு ஐந்து மில்லிமீட்டர் தடிமன், பிடிக்குள் கடைசிவரை இரும்பு ஓட வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ தடி எதுக்குமா?"

"காட்டில் விறகு பிளக்கணும். கத்தியை விறகில் வச்சு, முதுகில் கட்டையால தட்டுவோம்."

"அதுக்குத்தான் கோடாலி கீதே?"

சுமக்க முடியாது என்றேன். சரி என்று தலையாட்டினார், ஆனால் மனசு ஒப்பவில்லை என்பது தெரிந்தது. பெயர், ஊர், போன் நம்பர், எதற்காக என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். 2021-இல் கத்தி செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குகிறவர் விவரம் எழுதி வைக்க வேண்டும் என்று காவல்துறை சொன்னது. எங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் அன்றிலிருந்து நோட்டு உண்டு. எட்டு அங்குலத்துக்கு மேல் கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றார். யாரையோ நினைத்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை.

வேலை தொடங்கியதும் வாசலில் ஒரு கோணியைத் தொங்கவிட்டார். வெயில் படாமல் இருக்கவாம். இருட்டு இருந்தால்தான் இரும்பின் நிறம் கண்ணுக்குத் தெரியும். சூடு போதுமா என்று அறிய எங்கள் குழுவில் காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும், அதற்குச் சற்று மேலே போனால் துவைச்சலுக்கு, அதாவது சட்டென்று முக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவதற்கு, தயார். இவருக்குக் காந்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். குறடால் பிடித்து ஒரு கணம் வெளியே எடுப்பார், பார்ப்பார், மறுபடி கரிக்குள் செருகுவார். மருமகள் சம்மட்டி போட, இவர் சின்னச் சுத்தியலால் அடிக்க வேண்டிய இடத்தைத் தட்டிக் காட்டுவார். அவள் அடி அதே இடத்தில் விழும். இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கொருவர் பேசியது பத்து வார்த்தை இருக்காது.

துவைச்சல் வைத்ததைத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பழுத்த அலகை முழுசாக முக்கவில்லை. பழைய இன்ஜின் ஆயில் டப்பாவில் கூர்ப்பக்கத்தை மட்டும் ஒரு விரற்கடை இறக்கினார். புகை குப்பென்று கிளம்பியது. வெளியே எடுத்து, உடைந்த செங்கல் துண்டால் கூரை நாலு தேய் தேய்த்தார், இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முதுகில் இன்னும் சூடு இருக்கிறது. அந்தச் சூடு மெதுவாகக் கூரை நோக்கி இறங்க இறங்க, வெள்ளை இரும்பின்மேல் நிறங்கள் ஊர்ந்து வந்தன. முதலில் முதுகோரம் நீலம், அதற்கு முன்னே ஊதா, அதற்கும் முன்னே பழுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கோல் மஞ்சள். அந்த மஞ்சள் கூரைத் தொட்ட அதே நொடியில் மொத்தக் கத்தியும் தண்ணீருக்குள் போனது. வைக்கோல் நிறம் என்றால் 220, 230 டிகிரி. நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. கூர் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் ஒரே கத்திக்குள் நின்றுவிட்டன. இதை நான் படங்களில் நூறு முறை பார்த்திருப்பேன். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. புகையும் ஒரு காரணம்தான்.

விலை 600 ரூபாய், பிடியோடு. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஆறு மணிக்கு இடி, அரை மணி நேரம் நல்ல மழை. சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று மணிக்கு எழுந்து சித்தப்பாவோடு காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது, மொத்தம் 61 நாள். அது முடிந்து ஏழு வாரம் ஆகியும் விலை இறங்கவில்லை என்று சித்தப்பா புலம்பிக்கொண்டே வந்தார். வஞ்சிரம் கிலோ 1,100 சொன்னார்கள். சங்கரா 350. விளக்கு வெளிச்சத்தில் ஏலம், ஐஸ் நொறுக்குகிற சத்தம், காலுக்கடியில் சேறும் செதிலும். அங்கே ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க இடமே கிடையாது. எங்கே நின்றாலும் யாருக்காவது வழியில் நிற்போம். "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கூடையோடு வருகிறவர்கள் திட்டுவதில்லை, தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுப் போகிறார்கள்.

மீன் வெட்டுகிறவர்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் புளியமரக் கட்டை. புளியமரம் ஏன் என்றால், இழை பின்னிப் பின்னி ஓடும் மரம் அது, ஆயிரம் வெட்டு விழுந்தாலும் சிராய் கிளம்பாது. கடைசியில் இருந்தவரை எல்லோரும் ஆயா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கிலோவுக்கு 40 ரூபாய் கூலி. அவர் கையில் இருந்த கத்தியைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பதினோரு வருடக் கத்தியாம். வாங்கியபோது நாலு விரல் அகலம் இருந்ததாம், இப்போது ஒன்றரை விரல். கூர் நேர்கோடாக இல்லை. நடுவில் உள்வாங்கி, நுனியில் லேசாகத் தூக்கியிருக்கிறது. அவர் கை எந்த இடத்தை அதிகம் பயன்படுத்துகிறதோ அந்த இடம் தேய்ந்து வந்த வடிவம். பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறார், மீன் வழவழப்பில் கை நழுவாது. முதுகே ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கூடை மாறும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் கருங்கல்லில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. துணியில் ஒரு துடைப்பு. பத்து விநாடி. நான் என் கத்திகளுக்கு நாலு தரக் கல் வைத்து ஞாயிறு முழுக்கத் தீட்டுவேன்.

ஒரு பெரிய வஞ்சிரம் வந்தது. கத்தியை மீனின் குறுக்கே வைத்து முள்வரை இழுத்தார். முள்ளைத் தொட்டதும் இடது கையால் ஒரு கட்டையை எடுத்துக் கத்தி முதுகில் ஒரு தட்டு. துண்டு சாய்ந்தது. நாங்கள் காட்டில் விறகுக்குச் செய்கிற அதே வேலை! இதற்காகத்தான் ஐந்து மில்லிமீட்டர் முதுகு வேண்டும் என்று ஆசாரியிடம் அடம் பிடித்துவிட்டு வந்திருக்கிறேன். இத்தனை மெல்லிசில் தட்டினால் ஒடியாதா என்று கேட்டேன்.

"கணு பாத்து வச்சா ஏன் ஒடியுது? கணு பாக்காம தட்டறவன் கைல எது இருந்தாலும் ஒடியும், கண்ணு."

தடியான கத்தி ஆகாதா என்றேன். "தடிக் கத்தி வெட்டாது, பொளக்கும். மீனு கஞ்சியாப் பூடும்" என்றார். இதை நாங்கள் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம்! எந்த உருக்கு, எத்தனை கடினம் என்று. கூருக்குப் பின்னால் இருக்கும் தடிமன்தான் முதலில் வெட்டைத் தீர்மானிக்கிறது. உருக்கு நல்லதா என்பது அந்தக் கூர் எத்தனை நேரம் நிற்கும் என்பதற்குத்தான். தெரிந்த விஷயம்தான் எனக்கு. தெரிந்தும் வாங்கும்போது கனமான கத்தியையே கை தேடுகிறது.

அந்தக் கத்தியை எனக்கு விற்பீர்களா, புதுசு இரண்டு வாங்கித் தருகிறேன் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆயா கோபப்படவில்லை. "இத்த குத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்? புதுசு பயக ரெண்டு வருசம் ஆவும்" என்றார். பிறகு, வெட்டிப் பார்க்கிறாயா என்று கத்தியைக் கட்டைமேல் வைத்து நகர்த்தினார். கையில் கொடுக்கவில்லை, கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்பது எங்கள் ஊரிலும் உண்டு.

ஒரு சங்கராவைப் பிடித்தேன். செதில் எடுத்தாயிற்று. வயிற்றைக் கீறும்போது மீன் வழுக்கியது, கத்தி நின்ற இடம் என் விரல். வலியே தெரியவில்லை, அவ்வளவு கூர். ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆயா எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். வாளித் தண்ணீரைத் தொடவிடவில்லை. தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவி, பையிலிருந்த துவைத்த துணியைக் கிழித்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். "பத்து நிமிசம் எடுக்காத. தொறந்து தொறந்து பாக்காத." முதலுதவி வகுப்பில் பணம் கட்டிக் கற்றது வரிக்கு வரி இதுதான்: கழுவு, அழுத்து, உயர்த்து, பத்து நிமிடம் எட்டிப் பார்க்காதே. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் தேங்காய் மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். வெட்டிய மீனுக்கு ஆயா கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிடமும் அந்த அண்ணனோடுதான் பேச்சு. ஃபைபர் படகு வைத்திருக்கிறார். கடலுக்கு என்னென்ன கொண்டு போவீர்கள் என்றேன். தண்ணீர் கேன், சோறு, டார்ச், ஜி.பி.எஸ்., உயிர்காப்புச் சட்டை, கயிறு. மோட்டாருக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் ஒரு கத்தி. விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, எப்போதும் ஒரே இடத்தில் தொங்க வேண்டும். வன்னி ஓடுதா தெண்டி ஓடுதா என்று பார்த்துத்தான் வலை விடுவார்களாம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. மோட்டார் நின்றுபோனால் எது ஓடுகிறது என்பதை வைத்துத்தான் எந்தக் கரையில் ஒதுங்குவோம் என்று தெரியும் என்றார். ஜி.பி.எஸ். பேட்டரி தீர்ந்தாலும் அது தீராது.

சித்தப்பா நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டிடி ஊசி, கட்டு, காசு கிடையாது. மீன் கத்திக் காயம் என்றதும் நர்சம்மா இரண்டு நாள் கவனமாகப் பார்க்கச் சொன்னார். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே, கடல் தண்ணிக் காயம் வேகமாகப் பரவும் என்றார். நல்லவேளை, வீங்கவில்லை.

ராத்திரி மறுபடி மழை. கரண்ட் போனது. பேச்சு தானாகவே 2023 டிசம்பருக்குப் போனது. மிக்ஜாம் புயல் மழையில் சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அந்தப் பக்கம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வேறு படர்ந்து, படகும் வலையும் தாரில் முக்கியெடுத்த மாதிரி ஆனதைச் சித்தப்பா சொன்னார். பிறகு பரண்மேல் ஏறி ஒரு நீல டிரம்மை இறக்கிக் காட்டினார். மூடியை ரப்பர் வளையத்தோடு திருகி மூடும் வகை. உள்ளே ரேஷன் அட்டையும் வீட்டுப் பத்திரமும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள். மாத்திரை டப்பாவுக்குள் தீக்குச்சி, பெட்டியின் உரசும் பட்டையும் சேர்த்து. மெழுகுவர்த்தி, அவல், வெல்லம், பேத்தியின் பழைய பால்பவுடர் டின்னில் மருந்துகள், நைலான் கயிறு, ஒரு வெட்டுக்கத்தி. நாங்கள் இணையத்தில் பட்டியல் போட்டு, விலை ஒப்பிட்டு, ஆறாயிரம் ரூபாய்க்குச் சேர்க்கிற பையைவிட இது பக்காவாக இருந்தது.

கத்தி எதற்கு என்று கேட்டேன். அன்றைக்கு எதிர்வீட்டுப் பாட்டியை வெளியே கொண்டுவர, நாலு காலி தண்ணீர் கேன்களின் மூடியை இறுக்கி, கட்டிலின் நாலு காலிலும் கட்டியிருக்கிறார்கள். இருபது லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய இருபது கிலோவை மிதக்க வைக்கும். நாலு கேனுக்கு எண்பது. பாட்டி நாற்பத்தைந்து கிலோ, கட்டில் மரம். தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கயிற்றை அளந்து வெட்ட அன்று வீட்டில் கைக்கு எட்டியது சித்தியின் அரிவாள்மனை மட்டும்தானாம். அதைத் தண்ணீருக்குள் தேடி எடுத்ததில் சித்தப்பாவுக்குக் காலில் வெட்டு. தழும்பைக் காட்டினார். அதன் பிறகுதான் டிரம்முக்குள் கத்தி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

காலையிலிருந்து தெருவில் ஒலிபெருக்கி. வேப்பிலைத் தோரணம், மஞ்சள் சேலை, சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொம்போடு வரிசையில். கேழ்வரகுக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும் கலந்து, தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. சித்தி முந்தின ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்திருந்தாள். நான் இரண்டு சொம்பு குடித்தேன், மூன்றாவதையும் ஊற்றிவிட்டார்கள். வேண்டாம் என்றால் அம்மனுக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள்.

மத்தியானம் பட்டறைக்குப் போனேன். கத்தி தயார். வேலங்கட்டைப் பிடி, மூன்று ஆணி, படத்தில் வரைந்தபடி அப்படியே. கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது. தக்காளி ஒன்று வாங்கி நறுக்கிப் பார்த்தேன். தோலைக் கீறி உள்ளே போனது, ஆனால் நடுவில் சதை நசுங்கிச் சாறு வழிந்தது. ஆசாரி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கட்டைக் காட்டி, ஆயாவின் கத்தியைப் பற்றிச் சொன்னேன். முதுகைக் குறைக்க முடியுமா என்றேன்.

"அன்னிக்கே கேட்டேனேம்மா" என்றுதான் சொன்னார், வேறு ஒரு வார்த்தை இல்லை.

இப்போது மறுபடி உலையில் வைத்தால் வைத்த துவைச்சல் போய்விடும். அதனால் சாணைக் கல்லில்தான் குறைக்க வேண்டும், அதுவும் சூடேறாமல். பத்து விநாடி கல், உடனே தண்ணீரில் முக்கல், மறுபடி பத்து விநாடி. சூடாகி அலகில் நீலம் ஓடினால் அந்த இடம் இளகிவிடும், அப்புறம் கூர் நிற்காது. ஒன்றரை மணி நேரம். முதுகு மூன்று மில்லிமீட்டருக்கு வந்தது, கூரை நோக்கிச் சரிவு மெல்லிசாக இறங்கியது. அதற்குத் தனியாக 200 கொடுத்தேன், 100 போதும் என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தக்காளி காகிதம் மாதிரி விழுந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. காசிமேடு வழியாகவே போகச் சொன்னேன். ஞாயிறு என்பதால் கூட்டம் அலைமோதியது. ஆயா கத்தியைக் கட்டைமேல் வைக்கச் சொல்லி எடுத்தார். கட்டைவிரலைக் கூரின் குறுக்கே தடவினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கருங்கல்லில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒரு கவளை மீனின் வயிற்றைக் கீறினார்.

"இன்னும் தடிதான்" என்றார். "பரவால்ல, அஞ்சாறு வருசத்துல சரியாப் பூடும்."

நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கினேன், 180 ரூபாய். கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைக்குள் வைத்துக் கட்டி, கருவாட்டுப் பொட்டலத்தோடு பையின் அடியில் போட்டேன். ராத்திரி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஈரோடு போகிறவர். வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கோபமாகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"நெத்திலியாம்மா?" என்றார். "கிலோ என்ன விலை போட்டான்?"